என் நோட்டுக்கு ஒரு சொல்லடைவு

2023 பிப்ரவரி. முப்பது பாரப் (பாரம் என்பது ஒரே தாளில் சேர்த்து அச்சிடும் பக்கத் தொகுதி) புத்தகம் ஒன்று அச்சுக்குப் போக நான்கு நாள்தான் இருந்தது. மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களைப் பற்றிய புத்தகம். பக்கமெல்லாம் கட்டி முடித்துவிட்டு, கடைசியில் வரும் சொல்லடைவை, அதாவது எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் பட்டியலை, மெய்ப்புப் பார்க்கும் ஐயாவுக்கு அனுப்பியிருந்தேன். அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே இருக்கும் பக்கத்தைப் புரட்டி, அந்தச் சொல் உண்மையிலேயே அங்கே இருக்கிறதா என்று பார்த்துத்தான் டிக் போடுவார். இரவு ஒன்பது மணிக்கு அவரிடமிருந்து போன். “ஏம்மா, கலுங்குக்கும் குடிமராமத்துக்கும் ஒரே பக்கமா வருதே, அது எப்படிம்மா? பதினாலு நம்பரும் அச்சு அசலா அப்படியே இருக்கு. 212ல போய்ப் பார்த்தா கலுங்கும் இல்ல, மராமத்தும் இல்ல. மடையப் பத்தித்தான் இருக்கு.”

“பார்த்துட்டுக் கூப்பிடுறேன் ஐயா” என்று வைத்துவிட்டேன். கலுங்கு கண்மாயின் உபரிநீர் வெளியேறும் வழி, குடிமராமத்து ஊரார் சேர்ந்து செய்யும் பராமரிப்பு, மடை பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் வாய். அந்தச் சொல்லடைவை நான் கையால் செய்யவில்லை. பைதான் என்ற கணினி மொழியில் சொந்தமாக எழுதிய சிறிய நிரல் செய்தது. பக்கங்களைப் படித்துக்கொண்டே போய் ‘சொல், பக்கம்’ என்று நான் தட்டிவைத்த பட்டியலை வாங்கி, ஒரு சொல்லுக்குரிய பக்கங்களையெல்லாம் ஒன்றுசேர்த்து வரிசைப்படுத்தித் தரும். சோதித்துப் பார்த்தபோது சரியாகத்தான் வந்தது. ஐயா சொன்ன பிறகு பார்த்தால், ஆயிரத்து முந்நூறு சொற்களில் ஒன்பது சொற்களுக்கு மட்டும் ஒரே பக்க வரிசை. மற்றவை எல்லாம் ஒழுங்கு.

என்னிடம் குறிப்புகள் இல்லாமல் இல்லை. 2018இல் பைதான் படிக்க ஆரம்பித்து, நடுவில் விட்டு, 2022இல் மறுபடி பிடித்தேன். அதற்குள் இரண்டு நோட்டுப் புத்தகமும், கணினியில் எண் போட்ட பதினோரு ஃபோல்டரும் சேர்ந்திருந்தன. அடிப்படை, லிஸ்ட், டிக்‌ஷனரி, ஃபங்ஷன், கோப்புகள் என்று பாடப்புத்தகத்தின் இயல்களைப் போலவே ஃபோல்டர்கள். (லிஸ்ட் என்பது பலவற்றை வரிசையாக வைக்கும் பட்டியல், டிக்‌ஷனரி ஒரு சொல்லுக்கு எதிரே அதற்குரியதை வைக்கும் அட்டவணை, ஃபங்ஷன் பெயர் வைத்து வேண்டும்போது கூப்பிடும் நிரல் துண்டு.) ஒவ்வொன்றுக்குள்ளும் சின்னச் சின்ன எடுத்துக்காட்டுகள், மொத்தம் நூற்று நாற்பது. அவற்றை அடுக்கிவைத்திருந்த அழகில் எனக்கு உண்மையான பெருமை இருந்தது. அன்றிரவு முதலில் டிக்‌ஷனரி ஃபோல்டரைத் திறந்தேன், பக்கங்களைச் சேர்ப்பது அங்கேதானே என்று. ஒன்றும் இல்லை. வரிசைப்படுத்தும் பகுதியைப் பார்த்தேன். கோப்பைப் படிக்கும் பகுதியைப் பார்த்தேன். பிறகு குறிப்புகளை மூடிவிட்டு, நிரலின் ஒவ்வொரு படியிலும் என்ன நடக்கிறது என்று திரையில் அச்சிட்டுப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு மணிக்குப் பிடிபட்டது.

புதிய சொல் வரும்போதெல்லாம் அதற்கு ஒரு பதிவு உருவாக்கும் ஃபங்ஷன் எழுதியிருந்தேன். பக்கங்களின் லிஸ்ட்டைக் கையில் கொடுத்தால் அதை எடுத்துக்கொள்ளும். கொடுக்காவிட்டால் வெற்று லிஸ்ட்டோடு தொடங்கட்டும் என்று, ஃபங்ஷனின் தலைப்பு வரியிலேயே இயல்பு மதிப்பாக [] என்று போட்டிருந்தேன். அந்த வெற்று லிஸ்ட், ஃபங்ஷனைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறப்பதில்லை. தலைப்பு வரியைப் பைதான் படிக்கும்போது ஒரே ஒருமுறை பிறக்கிறது. அதற்குப் பிறகு லிஸ்ட் கொடுக்காமல் கூப்பிடுகிற எல்லாருக்கும் அந்த ஒன்றையேதான் எடுத்துக் கொடுக்கிறது. பெரும்பாலான சொற்களுக்கு நான் பக்கங்களைக் கையோடு கொடுத்துவிட்டேன். ‘கண்மாய்’ என்ற தலைச்சொல்லின் கீழே பிற்பாடு சேர்த்த ஒன்பது உட்தலைப்புகளுக்கு மட்டும் கொடுக்கவில்லை. ஒன்பதும் தங்கள் பக்கங்களையெல்லாம் ஒரே சீட்டில் எழுதிக்கொண்டிருந்தன. என் சோதனைப் பட்டியலில் அப்படிப்பட்ட உட்தலைப்பு ஒன்றே ஒன்றுதான் இருந்தது என்பதால் அப்போது தவறு தெரியவே இல்லை.

திருத்துவதற்கு இரண்டு வரி போதும். தலைப்பில் ‘நன்’ (பைதானில் ‘ஒன்றுமில்லை’ என்பதற்கான சொல்) என்று போட்டுவிட்டு, உள்ளே வந்த பிறகு ‘நன்’னாக இருந்தால் புது லிஸ்ட் ஒன்றை உருவாக்கிக்கொள்ள வேண்டும். ஓட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது. மறக்கும் முன்னால் எழுதிவைத்துவிடலாம் என்று ஃபங்ஷன் ஃபோல்டரைத் திறந்தேன்.

அங்கே ஏற்கெனவே இருந்தது. 14.6.2022 என்று தேதி போட்டு, நானே எழுதிய குறிப்பு. மேலே ஆச்சரியக்குறியோடு ‘கவனம்!’. கீழே பைதானின் அதிகாரபூர்வப் பாடத்தில் வரும் அதே எடுத்துக்காட்டு: 1 கொடுத்தால் [1], அடுத்து 2 கொடுத்தால் [1, 2], பிறகு 3 கொடுத்தால் [1, 2, 3]. ‘இயல்பு மதிப்பு ஒருமுறைதான் உருவாகும், லிஸ்ட்டை இயல்பு மதிப்பாக வைக்காதே’ என்று என் சொந்த வார்த்தையிலேயே எழுதியிருந்தேன். எட்டு மாதத்துக்கு முன்னால் எனக்கு இது தெரியும். எழுதியும் வைத்திருக்கிறேன். சரியான ஃபோல்டரில்தான் வைத்திருக்கிறேன். நான்கு மணி நேரம் அதைத் தேடவும் செய்திருக்கிறேன்.

தவறு செய்ததை அன்றே மறந்துவிட்டேன். அந்தக் குறிப்பு என்னிடம் இருந்தும் கைக்கு வராமல் போனது மட்டும் மனசை விட்டுப் போகவில்லை.

தேடுகிறவள் என்ன சொல்லோடு வருவாள்

நான் பிழைப்புக்குச் செய்வதே இந்த வேலைதான். பதினைந்து வருடமாக மற்றவர்களின் புத்தகங்களுக்குப் பக்கம் கட்டுகிறேன், சொல்லடைவு போடுகிறேன். அச்சகத்தில் எல்லாரும் ‘இண்டெக்ஸ்’ என்றுதான் சொல்வார்கள். புத்தகத்தின் முன்னால் இருக்கும் பொருளடக்கமும் பின்னால் இருக்கும் சொல்லடைவும் வேறு வேறு ஆளுக்கானவை என்பது இந்த வேலையின் முதல் பாடம். ஆசிரியர் எந்த ஒழுங்கில் யோசித்தாரோ அதுதான் பொருளடக்கம். சொல்லடைவுக்கு அந்த ஒழுங்கு தேவையே இல்லை. வாசகர் என்ன சொல்லை மனதில் வைத்துக்கொண்டு வருவாரோ அதற்கு அது பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் கண்மாய்ப் புத்தகத்தில் ஆசிரியர் ஓர் இயல் முழுக்க ‘உபரிநீர்ப் போக்கி’ என்றே எழுதியிருந்தார். ஊர்க்காரர் யாரும் அந்தச் சொல்லைத் தேடி வரமாட்டார். கலுங்கு என்றுதான் தேடுவார். அதனால் இரண்டையும் போட்டு, ஒன்றின் எதிரே ‘காண்க: கலுங்கு’ என்று எழுதினேன். ஆசிரியர் ஒருமுறைகூட எழுதாத சொல் சொல்லடைவில் இடம்பெறலாம், அதில் தவறே இல்லை.

பக்கம் 212 புத்தகத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கும், அதை நகர்த்த முடியாது. ஆனால் சொல்லடைவில் பத்து இடத்திலிருந்து அந்தப் பக்கத்தைக் கைகாட்டலாம். ஃபோல்டரில் இது முடியாது. ஒரு குறிப்பை ஃபங்ஷனில் போட்டால் அது லிஸ்ட்டில் இல்லை. எந்த ஃபோல்டரில் போடுவது என்று நான் எத்தனையோ மாலைகளைச் செலவழித்திருக்கிறேன், ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட்டிருக்கிறேன். இப்போது யோசித்தால் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. என் குறிப்பு ஃபங்ஷனைப் பற்றியதும்தான், லிஸ்ட்டைப் பற்றியதும்தான். அன்றிரவு ஒன்பது மணிக்கோ அது பக்க எண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதைப் பற்றியதாக இருந்தது. ‘ஒட்டிக்கொண்டு வருகிறது’ என்று ஒரு தலைச்சொல் இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

தமிழில் இந்த வேறுபாட்டுக்குப் பழைய வரலாறே உண்டு. நிகண்டுகள் சொற்களைப் பொருள்வாரியாக அடுக்கின. பன்னிரண்டு தொகுதிகள் கொண்ட சூடாமணி நிகண்டு தேவப் பெயர்த் தொகுதியில் தொடங்கி, மக்கள், விலங்கு, மரம், இடம் என்று போகும். செய்யுளில் இருக்கும், மனப்பாடம் செய்ய வேண்டும். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் அப்படித்தான் படித்தார்கள். மனப்பாடம் ஆனவருக்கு அதைவிட நல்ல அடுக்கு வேறில்லை, ஒரு சொல்லைத் தொட்டால் அதன் சொந்தக்காரச் சொற்கள் எல்லாம் கூடவே வந்துவிடும். மனப்பாடம் இல்லாதவர், சொல்லின் பொருளே தெரியாதவர், அது எந்தத் தொகுதியில் இருக்கும் என்று எப்படித் தேடுவார்? பதினோராம் தொகுதியில் மட்டும் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களை எதுகை வரிசையில் வைத்திருப்பார்கள், இரண்டாம் எழுத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகலாம். அகர வரிசையில் அடுக்கும் முறை அகராதி நிகண்டில் தலைகாட்டி, வீரமாமுனிவரின் சதுரகராதியில், 1732இல், நன்றாக நிலைபெற்றது. பொருள் தெரியாமல் வருகிறவருக்கும் அது கதவைத் திறந்துவிட்டது. என் பதினோரு ஃபோல்டரும் நிகண்டுதான். பாடத்தைப் படிக்கும்போது அந்த அடுக்கு எனக்கு நிறைய உதவியது, அதைக் குறை சொல்லமாட்டேன். சிக்கலில் மாட்டிக்கொண்டு, அதன் பெயர்கூடத் தெரியாமல் வந்து நின்றபோதுதான் அது எனக்குக் கதவைத் திறக்கவில்லை.

எண் போட்டது, அப்புறம் நகர்த்தவில்லை

புத்தகம் அச்சுக்குப் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஃபோல்டர்களைக் கலைத்தேன். ஒரே இடம். ஒவ்வொரு எடுத்துக்காட்டும் ஒரு தனிக் கோப்பு, அதன் பெயர் வெறும் எண். 1, 2, 3 என்று எழுதிய வரிசையிலேயே ஓடும். பக்க எண்ணைப் போலத்தான், ஒருமுறை போட்டால் போட்டதுதான், எக்காரணம் கொண்டும் நகர்த்துவதில்லை. அதற்குப் பிறகு ‘அடைவு’ என்று ஒரே ஒரு கோப்பு. அதில்தான் தலைச்சொற்கள். ஒரு குறிப்பு எழுதி முடித்ததும், அடைவில் அதற்குக் குறைந்தது மூன்று தலைச்சொல் போட வேண்டும் என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஒன்று பாடத்தில் அதற்குள்ள பெயர். இன்னொன்று அது கண்ணுக்குத் தெரியும் விதம், அதாவது அது என்னைக் கடிக்கும்போது நான் என்ன சொல்லிப் புலம்புவேனோ அது. மூன்றாவது, எந்த வேலையில் அது வந்தது என்பது. அந்த இயல்பு மதிப்புக் குறிப்பு இப்போது ‘இயல்பு மதிப்பு’, ‘ஒட்டிக்கொண்டு வருகிறது’, ‘முந்தைய சொல்லின் பக்கம் அடுத்த சொல்லில்’, ‘கண்மாய்ப் புத்தகம்’ என்ற நான்கு இடங்களிலிருந்து கிடைக்கிறது.

இந்த நடு வகைத் தலைச்சொல்லை எழுதுவதுதான் கடினம், பலன் தருவதும் அதுதான். பாடத்தின் பெயரை யோசிக்க வேண்டியதில்லை, புத்தகத்திலேயே இருக்கிறது. தொல்லையின் பெயரை நானேதான் கண்டுபிடிக்க வேண்டும். லிஸ்ட்டை வரிசைப்படுத்த பைதானில் ‘சார்ட்’ என்றும் ‘சார்ட்டட்’ என்றும் இரண்டு வழி உண்டு. முதலாவது இருக்கிற லிஸ்ட்டையே மாற்றிவிட்டு ‘நன்’ என்று திருப்பித் தரும். இரண்டாவது பழையதைத் தொடாமல் புது லிஸ்ட் தரும். இதை ‘சார்ட், சார்ட்டட் வேறுபாடு’ என்று எழுதிவைத்திருந்தேன். ஆனால் இது எனக்கு ஒருநாளும் அந்தப் பெயரில் வந்து நின்றதில்லை. ‘லிஸ்ட் காணாமல் போய்விட்டது’ என்றுதான் வந்து நிற்கும். ‘ஒன்பதுக்கு முன்னால் பத்து வருகிறது’ என்று ஒரு தலைச்சொல் இருக்கிறது. பக்க எண்ணை எண்ணாக மாற்றாமல் எழுத்தாகவே வைத்து வரிசைப்படுத்தியதால் வந்தது அது, எழுத்தாகப் பார்த்தால் "10" என்பது "9"க்கு முந்தியதுதான். ‘ஒன்றைத் தொட்டால் மூன்றும் மாறுகிறது’ என்று இன்னொன்று. கீழே உள்ளதுதான் அந்தக் குறிப்பு.

>>> [[]] * 3
[[], [], []]

பார்ப்பதற்கு மூன்று தனித்தனி வெற்று லிஸ்ட் போலத்தான் இருக்கும். ஆனால் ஒரே லிஸ்ட்டுக்கு மூன்று பெயர்ப்பலகை மாட்டியதுதான் அது. இதை எழுதி அடைவில் சேர்க்கும்போது ‘ஒட்டிக்கொண்டு வருகிறது’ என்பது பக்கத்து வரியில் இருந்தது. அப்போதுதான் இரண்டும் ஒரே விஷயம் என்று எனக்கு விளங்கியது. பழைய அடுக்கில் ஒன்று நான்காம் ஃபோல்டரிலும் மற்றொன்று இரண்டாம் ஃபோல்டரிலும் கிடந்தன, ஒன்றையொன்று அவை சந்திக்க வழியே இருந்திருக்காது.

பதிலையும் கூடவே சுமக்கும் எடுத்துக்காட்டு

குறிப்புகளை ஒவ்வொன்றாக எண் போட்டு மாற்றும்போது, ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மாற்றினேன். 2018 நோட்டில், கடன் வாங்கிய ஒரு ஜெராக்ஸ் புத்தகத்தைப் பார்த்து 7 / 2 என்றால் 3 என்று எழுதியிருந்தேன், பெட்டி போட்டு. அந்தப் புத்தகம் பைதான் 2 காலத்தது. பைதான் 3இல் விடை 3.5, முழு எண்ணாக வேண்டுமென்றால் இரண்டு சாய்கோடு போட வேண்டும். பைதான் 2க்கான ஆதரவே 2020 ஜனவரி 1 அன்று முடிந்துவிட்டது. அதே நோட்டில் ‘டிக்‌ஷனரியில் போட்ட வரிசை நிலைக்காது, நம்பாதே’ என்று ஒரு வரி. 2018இல் வெளிவந்த 3.7 பதிப்பிலிருந்து, போட்ட வரிசை அப்படியே நிலைக்கும் என்று மொழியே உறுதி தருகிறது. நான் அந்த வரியை எழுதிய வருடமே அது பழசாகிவிட்டது. ஆக, என் குறிப்புகளில் சில கைக்குக் கிடைக்காமல் போனவை, சில கைக்குக் கிடைத்திருந்தால் இன்னும் கெடுதல் செய்திருக்கக்கூடியவை.

அப்போதுதான் டாக்டெஸ்ட் என்ற சோதனைக் கருவியைப் பிடித்துக்கொண்டேன். புதிதொன்றும் இல்லை, டிம் பீட்டர்ஸ் எழுதியது, 2001இல் வந்த 2.1 பதிப்பிலிருந்து பைதானோடு கூடவே வருகிறது. நிரல் சோதனைக்கு இதைவிட வலுவான கருவிகள் உண்டு. ஆனால் குறிப்பு எழுதுகிறவருக்கு இதைப் போல ஒன்று வேறில்லை என்பது என் திடமான கருத்து. பைதான் திரையில் தட்டும்போது எப்படித் தெரியுமோ அப்படியே, மூன்று கூர்க்குறி போட்டுக் கேள்வியையும், அடுத்த வரியில் வர வேண்டிய விடையையும் எழுதிவைத்துவிட்டால் போதும். டாக்டெஸ்ட்டை ஓட்டினால் அது கேள்வியை மறுபடி கேட்டுப் பார்த்து, வந்த விடையை நான் எழுதிய விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். பொருந்தினால் பேசாது. பொருந்தாவிட்டால், எதிர்பார்த்தது இது, வந்தது இது என்று இரண்டையும் காட்டும். மெய்ப்பு ஐயா பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்து டிக் போடுவாரே, அதே வேலை. என் குறிப்புகள் எல்லாவற்றையும் ஒரு டீ ஆறுவதற்குள் சரிபார்த்துவிடுகிறது.

அது எனக்குக் கற்றுக்கொடுத்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 41ஆம் குறிப்பு ‘செட்’ பற்றியது. மடை, மடை, கலுங்கு என்று மூன்று சொல்லைப் போட்டால், திரும்ப வந்த மடையை நீக்கிவிட்டு இரண்டாகத் தரும், அவ்வளவுதான் குறிப்பு. ஓட்டினேன், பொருந்தியது. இன்னொரு குறிப்பைத் திருத்திவிட்டு மறுபடி எல்லாவற்றையும் ஓட்டினால் 41 தவறு என்கிறது. நான் அதைத் தொடவே இல்லை. மறுபடி ஓட்டினால் சரி. மறுபடி ஓட்டினால் தவறு. முன்பு கலுங்கு, மடை என்று வந்தது இப்போது மடை, கலுங்கு என்று வருகிறது. துருவிப் பார்த்ததில், செட்டுக்கு வரிசை என்று ஒன்று கிடையாது என்பதும், சொற்களுக்கு உள்ளே கணக்கிடும் அடையாள எண்ணை 3.3 பதிப்பிலிருந்து ஒவ்வொரு ஓட்டத்திலும் பைதான் வேண்டுமென்றே மாற்றிப் போடுகிறது என்பதும் தெரிந்தது. வெளியாள் திட்டமிட்டு ஒரே எண் விழும்படி சொற்களை அனுப்பி நிரலைத் திணறடிக்கக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. ‘செட்டுக்கு வரிசை இல்லை’ என்று நான் ஏற்கெனவே படித்திருந்தேன். படித்தது வேறு, சும்மா கிடந்த என் குறிப்பு கண்ணெதிரே மாறி மாறி நின்றதைப் பார்த்தது வேறு. அடைவில் அதற்குத் தலைச்சொல் ‘ஒரு நேரம் சரி, ஒரு நேரம் தவறு’.

மாற்றி முடித்தபோது நூற்று நாற்பதில் எண்பத்தேழுதான் தேறின. மற்றவை யாரோ எழுதியதை ஒட்டிவைத்தவை. மாறிகளுக்கு, அதாவது மதிப்புகளைப் போட்டுவைக்கும் பெயர்ப்பெட்டிகளுக்கு, ஃபூ, பார் என்று பெயர் இருக்கும், லிஸ்ட் என்றால் ஆப்பிள், வாழைப்பழம், செர்ரி இருக்கும். அவை ஏன் அங்கே இருக்கின்றன, எந்தச் சிக்கலுக்காக எடுத்துவைத்தேன் என்று எனக்கே நினைவில்லை. நடு வகைத் தலைச்சொல் எழுத முடியாத எதையும் நீக்கிவிட்டேன். எழுத முடிந்தவற்றை, பழத்தை எடுத்துவிட்டுக் கண்மாயையும் மடையையும் போட்டு, என் கையால் மறுபடி தட்டினேன். மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்தேன், பைதான் 3 அதை ஏற்றுக்கொள்கிறது. பொது நிரல் எழுதும்போது அப்படிச் செய்யமாட்டேன். ஆனால் குறிப்பில் ‘சொல்’, ‘பக்கங்கள்’ என்று இருக்கும்போது எது மொழி கொடுத்த சொல், எது நான் வைத்த பெயர் என்று எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடுகிறது. படிக்க ஆரம்பித்த புதிதில் என்னை அதிகம் குழப்பியதே அதுதான்.

வேறு யாரும் எழுதிவைக்காதவை

நண்பர் ஒருவர் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறார். இதையெல்லாம் கேட்டுவிட்டு, “இப்ப எதுக்குங்க நோட்டு? கேட்டா ஏஐ ஒரு நொடியில சொல்லுது” என்றார். நானும் கேட்கிறேன், சொல்கிறது, பல நேரம் சரியாகவே சொல்கிறது. அன்றிரவு என்னிடம் அது இருந்திருந்தால் ஐயாவுக்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். அதை மறுக்கமாட்டேன். ஆனால் அதனிடம் கேட்கவும் தொல்லையை நான் சொல்லாக்கித்தானே ஆக வேண்டும்? அந்தப் பழக்கம் எனக்கு அடைவு எழுதி எழுதித்தான் வந்தது. இன்னொன்று, பதில் கிடைத்தபின் அது எங்கே போகிறது? நான் எழுதிவைக்காத பதிலை மூன்று மாதம் கழித்து மறுபடி கேட்கிறேன். மறுபடி கேட்கிறேன் என்பதே தெரியாமல் கேட்கிறேன். என் அடைவில் ‘ஒட்டிக்கொண்டு வருகிறது’ என்பதற்கு எதிரே இன்றைக்கு ஐந்து எண்கள் இருக்கின்றன. எனக்கு அடிக்கடி கால் இடறும் இடம் இது என்று அந்த வரியைப் பார்த்தாலே தெரிகிறது.

அப்புறம், என் வேலைக்கே உரிய சில குறிப்புகள் இருக்கின்றன. அவற்றைப் பாடத்தின் அடுக்கில் வைத்திருந்தால் எங்கே வைத்திருப்பேன் என்றே தெரியவில்லை. ‘மூன்று எழுத்தை ஐந்து என்கிறது’ என்று ஒரு தலைச்சொல். தமிழ் என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைதான் 5 என்று சொல்லும். த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஒவ்வொன்றையும் யூனிகோடு, அதாவது எழுத்துக் குறிகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் முறை, தனியாக எண்ணுவதால். திருப்பிப் போட்டால் புள்ளி முன்னால் வந்து அந்தரத்தில் நிற்கும். ‘ஒரே சொல் இரண்டு முறை வருகிறது’ என்று இன்னொன்று. பழைய எழுத்துருவில் தட்டியதை யூனிகோடுக்கு மாற்றும்போது, கொ என்பதன் கொம்பும் காலும் சில கோப்புகளில் இரண்டு தனிக் குறியாகவும், சிலவற்றில் சேர்ந்த ஒரே குறியாகவும் வந்துவிடுகின்றன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். கணினிக்கு அவை வேறு வேறு சொல். கொள்ளளவு என்ற சொல் சொல்லடைவில் அடுத்தடுத்து இரண்டு முறை வந்து நின்றபோது நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் வசதி பைதானிலேயே இருக்கிறது, ‘யூனிகோடுடேட்டா’ என்ற தொகுப்பில் ‘நார்மலைஸ்’ என்று பெயர். வேண்டிய வடிவம் ‘என்எஃப்சி’.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது 63ஆம் குறிப்பு. மராமத்து, மழை, மறுகால், மனை என்ற நான்கு சொற்களை அப்படியே வரிசைப்படுத்தச் சொன்னால் பைதான் மனை, மராமத்து, மறுகால், மழை என்று தரும். யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும், ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்பும் உட்கார்ந்திருப்பதால் இந்த விளைவு. நம் நெடுங்கணக்கில் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று போக வேண்டும். இதற்கு எழுத்துகளின் சரியான வரிசையை நானே ஒரு சரமாக எழுதி, ஒவ்வொரு குறியும் அதில் எத்தனையாவது என்று பார்த்து வரிசைப்படுத்தும் சின்ன ஃபங்ஷன் எழுதினேன். உயிர்மெய்க் குறிகள், புள்ளி, கிரந்த எழுத்துகள் எங்கே வர வேண்டும் என்று முடிவு செய்யவே ஒரு வாரம் ஆனது. புள்ளி வைத்த எழுத்து அகரமேறிய எழுத்துக்கு முன்னாலா பின்னாலா என்று ஐயாவிடம் கேட்டேன். “முன்னாலதாம்மா. மெய்யி தனியா நிக்கும், அதுமேல உயிர் வந்து ஏறணும்” என்றார். அதை அப்படியே குறிப்பின் தலையில், அவர் சொன்ன பேச்சிலேயே எழுதிவைத்திருக்கிறேன். நான் போடும் ஒவ்வொரு சொல்லடைவும் இப்போது இந்த 63ஐக் கடந்துதான் அச்சுக்குப் போகிறது.

அடைவில் எண் இல்லாத தலைச்சொற்களும் இருக்கின்றன. அச்சுச் சொல்லடைவில் அப்படி ஒரு வரி வந்தால் பிழை. இதில் நான் வேண்டுமென்றே விட்டுவைக்கிறேன். தொல்லைக்குப் பெயர் கிடைத்துவிட்டது, விடை இன்னும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். இன்றைய கணக்குக்கு ஆறு இருக்கின்றன. ‘பக்கம் மாறினால் அடிக்குறிப்பு பின்தங்குகிறது’ என்பது ஒரு வருடமாக எண்ணில்லாமல் நிற்கிறது. ‘ஒருமையும் பன்மையும் தனித்தனியாக விழுகிறது’ என்று இன்னொன்று. கண்மாய், கண்மாய்கள், கண்மாயில், கண்மாய்க்கு எல்லாவற்றையும் நானே கையால் ஒன்றாக்கிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் ஐயா வீட்டுக்குப் போனபோது அந்த ஆறையும் வாசித்துக் காட்டினேன். நான்கைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார். வேற்றுமை உருபு விஷயம் வந்ததும், “இரும்மா” என்று எழுந்து போய் நன்னூலை எடுத்துவந்தார். சாப்பாடு ஆறிப்போகும் வரை இரண்டு பேரும் அதை வைத்துக்கொண்டு, உருபு ஏறும்போது சொல்லின் கடைசியில் என்னென்ன மாறும் என்று பட்டியல் போட்டோம். இரண்டு பக்கம் வந்திருக்கிறது. குறிப்பாகவில்லை இன்னும்.